சுவரை வைத்துத்தான் சித்திரம்: கோவையின் பொதுவெளிக் கலையும் மாநகராட்சியின் பொறுப்பும்

பொதுவெளிக் கலை என்பது நுழைவுச்சீட்டு வாங்காமல், நேரம் பார்க்காமல், எவரும் காணக்கூடிய இடத்தில் இருக்கும் கலை. சந்திப்பில் நிற்கும் சிலை, மேம்பாலத் தூணில் தீட்டிய ஓவியம், குளக்கரையில் நிறுத்திய உலோகச் சிற்பம், அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கச் சுவரை நிறைக்கும் படம் எல்லாம் இதில் அடங்கும். அருங்காட்சியகத்துக் கலையை விரும்பியவர் தேடிப் போகிறார். இது பேருந்துக்குக் காத்திருப்பவர் கண்ணில் தானாக விழுகிறது. பிடிக்காதவரும் தினம் பார்த்தாக வேண்டும். ஆகவே எதை வைப்பது, எங்கே வைப்பது, யாரைக் கொண்டு செய்விப்பது, பணம் எங்கிருந்து வரும், பிற்பாடு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகளுக்கு யாராவது பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். நகரங்களில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மாநகராட்சியின் தலையில் விழுகிறது.

கோயம்புத்தூர் 1866இல் நகராட்சியானது. 1981இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011இல் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டு 100 வார்டுகளாக விரிந்தது. மற்றத் தமிழக நகரங்களைப் போலவே இங்கும் பொதுவெளிக் கலை என்றாலே நெடுங்காலம் தலைவர் சிலைதான் நினைவுக்கு வந்தது. அவினாசி சாலையில் ‘அண்ணா சிலை’ என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே ஆகிவிட்டது. குளக்கரைச் சிற்பமும் குடியிருப்புச் சுவரோவியமும் அரசுத் திட்டத்துக்குள் வந்தது சென்ற பத்தாண்டில்தான்.

பழைய வேர்கள்

கொங்கு மண்ணுக்குப் பொதுவெளிக் கலை புதிதன்று. வாளையார் பக்கம் குமிட்டிபதியில் உள்ள பாறை ஒதுங்கிடத்தில் யானை உருவங்களோடு வெண்ணிற ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. மாடு காக்கப் புலியோடு பொருதி மாண்டவனுக்கு எடுத்த ‘புலிக்குத்திக் கல்’ கொங்கின் பல ஊர் எல்லைகளில் நிற்கிறது. உடுமலைப்பேட்டை வட்டம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், தைப் பொங்கலையொட்டி, கால்நடை நலம் வேண்டி மண்ணால் செய்த மாட்டு உருவங்களை உழவர்கள் காணிக்கையாக வைக்கிறார்கள். அவற்றுக்கு ‘உருவாரம்’ என்று பெயர்.

இந்தப் பழைய கலைக்கும் ஒரு நிர்வாகம் இருந்தது. யார் செய்வது, யார் கூலி கொடுப்பது, எங்கே வைப்பது, எப்போது புதுப்பிப்பது என்பதெல்லாம் வழக்கத்தால் முடிவாகியிருந்தன. ஊரும் குயவரும் கோயிலும் அந்தக் கடமையைப் பகிர்ந்துகொண்டனர். நகரத்தில் அந்த வழக்கம் இல்லை. அதன் இடத்தில் கோப்பும் ஒப்பந்தமும் மாமன்றத் தீர்மானமும் வருகின்றன.

குளக்கரைக்கு வந்த கலை

ஒன்றிய அரசு 2015 ஜூனில் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் 20 நகரங்களில் கோவையும் ஒன்று. இதற்கெனக் கோயம்புத்தூர் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட் என்ற தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. நொய்யல் ஆற்று நீரால் நிரம்பிவந்த உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் முதலியவற்றின் கரைகள் நடைபாதை, பூங்கா, விளக்கு வசதிகளுடன் மாற்றியமைக்கப்பட்டன. கலையும் அந்த வேலைகளின் ஒரு பகுதியாகவே வந்தது. குறிச்சிக்குளக் கரையில் உலோகத் தமிழ் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய திருவள்ளுவர் சிலை இதில் பலரும் அறிந்தது. தொலைவில் வள்ளுவராகத் தெரிவது, கிட்டப் போனால் அகரமும் ககரமுமாகப் பிரிந்துவிடும்.

உக்கடத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. டெல்லி லோதி காலனியின் அரசுக் குடியிருப்புச் சுவர்களையும், 2020இல் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களையும் ஓவியத் திடலாக்கிய ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, உக்கடம் குடியிருப்புகளிலும் ஓவியர்களைக் கொண்டு சுவரோவியங்கள் வரைந்தது. 2025 நவம்பரில் காந்திபுரத்தில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா மூன்றாவது வகை. அது 2010ஆம் ஆண்டு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக் காலத்து அறிவிப்பு. மத்திய சிறை வளாகத்து நிலத்தில் 45 ஏக்கரில் அது உருவாகி முடியப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. கட்டுமான வேலையின் அங்கமாக வரும் சிற்பம், தொண்டு நிறுவனம் வழியாக வரும் ஓவியம், அரசே திட்டமிடும் பூங்கா என மூன்றுக்கும் பணமும் பொறுப்பும் வெவ்வேறு வழியில் வருகின்றன.

இடம் யாருடையது?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். நகர நிர்வாகத்தில் இந்தப் பழமொழிக்கு நேர்ப்பொருளே உண்டு. முதல் கேள்வி சுவர் யாருடையது என்பதுதான். மேம்பாலத் தூண் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதாகவோ இருக்கலாம். ரயில் பாலம் என்றால் ரயில்வே. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். குளக்கரை என்றால் நீர்வளத் துறையின் ஒப்புதலும் பார்க்கப்பட வேண்டும். தடையில்லாச் சான்று கையில் வராமல் தீட்டிய ஓவியத்தை, சுவரின் சொந்தக்காரத் துறை அடுத்த ஆண்டு வெள்ளையடித்தால் கேட்க ஆளிருக்காது.

சிலைக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சாலை, நடைபாதை, சாலையோரம் உள்ளிட்ட பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொது இடங்களில் உள்ள சிலைகளை அகற்றித் தலைவர்கள் பூங்கா ஒன்றில் வைப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அறிவுறுத்தியது. சென்னை கடற்கரைச் சாலையில் 2006இல் வைக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கின் முடிவில், 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்கு இடம் மாறியது. சிலை நன்றாகத்தான் இருந்தது. இடம்தான் தவறாகிப் போனது. நகரக் கலை சந்திப்புகளை விட்டுப் பூங்காவுக்கும் குளக்கரைக்கும் சுவருக்கும் நகர்வதற்கு இத்தகைய உத்தரவுகளும் ஒரு காரணம்.

குளக்கரைக்கும் எல்லை உண்டு. சிற்பத்தின் அடித்தளம் கரையின் உறுதியைக் கெடுக்கக் கூடாது. இரவு விளக்கு நீர்ப்பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது. குளங்களைக் கான்கிரீட்டால் அழகுபடுத்துவது குறித்துக் கோவைச் சூழலியல் ஆர்வலர்கள் எழுப்பிய கேள்விகள் இங்கே பொருந்தும்.

பணம் வரும் வழி

மேலை நாடுகள் பலவற்றில் ‘நூற்றுக்கு ஒன்று’ என்ற ஏற்பாடு உண்டு. பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்குவது அது. பிரான்ஸ் 1951இலும், அமெரிக்காவின் பிலடெல்பியா 1959இலும், சியாட்டில் 1973இலும் இப்படி விதி செய்தன. கலைக்கு ஆண்டுதோறும் புதிதாகக் கையேந்த வேண்டியதில்லை. பாலம் கட்டினாலே அதற்கான பங்கு வந்துவிடும்.

கோவை போன்ற நகரங்களில் இப்படி நிலையான ஒதுக்கீடு இல்லாததால் பணம் துண்டு துண்டாக வருகிறது. ஒன்றிய, மாநிலத் திட்ட நிதி ஒன்று. மாநகராட்சிப் பொது நிதி இன்னொன்று. மக்கள் ஒரு பங்கு தர மீதியை அரசு சேர்க்கும் ‘நமக்கு நாமே’ திட்டம் மற்றொன்று. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் சொல்கிறது. அப்படிச் செலவிடத்தக்க பணிகளின் பட்டியலில் கலை, பண்பாடு, மரபுச் சின்னப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆலைகளும் பம்ப்செட் தொழிற்சாலைகளும் நிறைந்த கோவைக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை ஓவியத்தைவிடப் பெரிதாகிவிட்டால் அது விளம்பரமாகிவிடும். பெயர் எந்த அளவில், எந்த மூலையில் இருக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கலைஞரைத் தேர்வது

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கிறது. மழைநீர் வடிகால் கட்ட அது பொருத்தமான சட்டம். அளவும் தரமும் முன்பே தெரியும். யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு வேலை. கலையில் வாங்கும் பொருள் என்னவென்று வாங்கும்வரை யாருக்கும் தெரியாது. ‘சுவரோவியம், சதுர அடிக்கு இவ்வளவு’ என்று மதிப்பீடு போட்டால், அளவுப் புத்தகத்தில் சதுர அடி ஏறும். வேகமாக வரைபவர் வெல்வார். ஒரே மயிலும் ஒரே பரதநாட்டியப் பெண்ணும் ஊர் ஊராகச் சுவரில் நிற்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று வழிகள் உண்டு. எல்லாக் கலைஞருக்கும் அழைப்பு விடுத்து, முதலில் வரைவை மட்டும் பெறலாம். வந்தவற்றில் சிலரை மட்டும் பொறுக்கி, மாதிரி செய்வதற்குச் சிறு தொகை கொடுத்து, பிறகு ஒருவரைத் தேரலாம். இரட்டை உறை முறையில் வரைவு முதல் உறையிலும் விலை இரண்டாம் உறையிலும் வர, தரத்தில் தேறியவரின் விலையை மட்டும் பிரிக்கலாம். செலவை முன்பே நிலையாக அறிவித்து, ‘இந்தத் தொகைக்கு எதைத் தருவீர்கள்?’ என்று கேட்பது இன்னும் எளிது. தேர்வுக் குழுவில் பொறியாளரும் ஓவியரும் அந்தப் பகுதியில் குடியிருப்பவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார்.

கொங்கில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவினாசி அருகே திருமுருகன்பூண்டி கல் சிற்பிகளின் ஊர். கோவையின் வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் எந்த வடிவத்தையும் உலோகத்தில் ஆக்கித் தரும். பிளெக்ஸ் பேனர் வந்தபின் வேலையிழந்த பேனர் ஓவியர்கள் இருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2009இல் அண்ணா சாலையில் சுவரொட்டிக்குப் பதிலாக ஓவியம் தீட்டத் தொடங்கியபோது அந்த வேலை இத்தகைய ஓவியர்கள் கைக்குத்தான் போனது.

சுவரில் நடக்கும் வேலை

ஐந்து மாடிச் சுவரில் படம் வரைவதில் பாதி வேலை கொத்தனார் வேலை. முதலில் பாசியும் பழைய வண்ணத்தின் பொருக்கும் சுரண்டப்படுகின்றன. விரிசல் அடைக்கப்படுகிறது. மொட்டைமாடியிலிருந்தோ கழிவறைக் குழாயிலிருந்தோ கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. ஈரச் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டும் ஒரே மழையில் கொப்புளித்து உரியும். பிறகு பிரைமர், அது காய்ந்தபின் வெளிப்புற எமல்ஷன்.

கையகலத் தாளில் உள்ள வரைவைப் பெரிய சுவருக்கு மாற்றுவது அடுத்த சிக்கல். பேனர் ஓவியர்கள் தாளிலும் பரப்பிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் வரைவார்கள். இக்கால ஓவியர்கள் சிலர் சுவர் முழுக்கக் கோணல்மாணலாக எண்ணும் எழுத்தும் சுழியும் கிறுக்கிவிட்டு, அதைப் புகைப்படம் எடுத்து, கைப்பேசியில் தம் வரைவை அதன்மேல் பொருத்திக்கொள்கிறார்கள். எந்தச் சுழியின் மேல் மூக்கு வருகிறது, எந்த எழுத்தின் ஓரம் காது முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைகிறார்கள். தெருவில் நிற்பவருக்கு முதல் நாள் வெறும் கிறுக்கல். மூன்றாம் நாள் ஒரு முகம்.

சாரமோ பளுதூக்கி மேடையோ எதுவானாலும் பாதுகாப்பு வார், தலைக்கவசம், கீழே தடுப்பு, காப்பீடு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கோவையில் நாள் குறிப்பதும் முக்கியம். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. இடைப்பட்ட ஜனவரி முதல் மே வரையே சுவர் வேலைக்குத் தோதான காலம்.

சிற்பத்துக்குக் காற்றே முதல் எதிரி. காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தர விதி 875, கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்கிறது. அதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். இருபதடி உயரத் தகடு இந்தக் காற்றில் பாய்மரம்போலத் தள்ளப்படும். எழுத்துகளைக் கோத்த அமைப்பில் இடைவெளி வழியே காற்று ஊடுருவிப் போவதால் சுமை குறையும். இதைக் கணக்கிட்டு அடித்தளமும் நங்கூரமும் சரி என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே பணி ஆணை தர வேண்டும். குழந்தைகள் ஏறும் உயரத்தில் கூர்முனை இருக்கக் கூடாது. துருப்பிடிக்கும் இரும்பா, துருவேறா எஃகா, வெண்கலமா, பைபரா என்ற முடிவு பின்னாள் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

மக்களின் ஒப்புதல்

நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 1981இல் ஓர் அரசு வளாகத்தின் முற்றத்தில் சாய்ந்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அங்கே வேலை செய்தவர்கள் வழி அடைபட்டதாகப் புகார் செய்தனர். வழக்கும் விசாரணையுமாக இழுத்து, 1989இல் அது துண்டாடி அகற்றப்பட்டது. பெரிய சிற்பியின் படைப்பும், தினம் கடந்துபோகிறவர்களைக் கேட்காமல் வந்தால் நிலைக்காது என்பதற்கு இது பாடம். மறுபுறம், சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இல் வைக்கப்பட்டது. பாறையைப் பெயர்க்கும் நான்கு பேருக்கும் அதில் பெயர் கிடையாது. ஆனாலும் அது நகரத்தின் அடையாளமானது.

குடியிருப்புச் சுவரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வீட்டுக்குள் கூரை ஒழுகும்போது வெளியே வண்ணம் எதற்கு என்று குடியிருப்போர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஓவியத்துக்கென்று வந்த சாரத்தையும் கொத்தனாரையும் கொண்டு கசிவையும் சேர்த்து அடைப்பது நல்ல நிர்வாகம். யார் முகம் சுவரில் வரும், எந்தத் தொழில் வரும் என்பதைத் தெருக்கூட்டத்தில் வரைவைக் காட்டிப் பேசிவிட்டால் பின்னால் தகராறு குறையும். சாதி, மதம், கட்சிக் குறிகள் பற்றி முன்பே ஒரு வரையறை இருப்பதும் அவசியம். சந்தேகம் உள்ள இடத்தில் முதலில் தற்காலிகமாகச் செய்து பார்க்கலாம். கோயம்புத்தூர் விழாவின்போது ரேஸ்கோர்ஸ் பகுதியில் நடக்கும் கலைத் தெரு அப்படிப்பட்டது. கலை ஓரிரு நாள் தெருவுக்கு வந்து, பிறகு சுவடின்றிப் போய்விடுகிறது.

படைப்பின் உரிமை

சுவர் மாநகராட்சியுடையது என்பதாலேயே ஓவியத்தின் பதிப்புரிமை அதற்கு வந்துவிடாது. அது யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. பதிப்புரிமை மாநகராட்சியிடம் இருந்தாலும், படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி கலைஞரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் 140 அடி நீள வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்றைச் செய்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், துண்டுகள் சேதமாயின. டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் எஞ்சியதைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சுவரை இடிக்க வேண்டி வந்தால் கலைஞருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, படைப்பின் ஆயுள் எத்தனை ஆண்டு, வேறு நிறுவனங்கள் அதை விளம்பரத்தில் பயன்படுத்தலாமா என்பவற்றை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

திறப்பு விழாவுக்குப் பிறகு

நாடா வெட்டிய மறுநாளே கலைக்கு வயதாகத் தொடங்குகிறது. மேற்குச் சுவரின் சிவப்பு முதலில் வெளிறும். தூணின் கீழ்ப்பகுதியில் சுவரொட்டி ஏறும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் இருந்தும், பசை வாளி இரவில்தான் வரும். சிற்பத்தின் பற்றவைப்பு மூட்டில் துரு தெரியும். விளக்கு ஒன்று அணைந்தால் அணைந்தபடி கிடக்கும்.

இதற்கு வேண்டியவை எளிய ஏற்பாடுகளே. நகரில் உள்ள ஒவ்வொரு சிலைக்கும் ஓவியத்துக்கும் பெயர், கலைஞர், ஆண்டு, பொருள், இடத்தின் உரிமையாளர், பொறுப்பு அலுவலர் ஆகியவற்றோடு ஒரு பதிவேடு. செய்தவரிடமே சில ஆண்டுகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஆய்வு. வரவு செலவுத் திட்டத்தில் சிறியதானாலும் தனித் தலைப்பு. ஆயுள் முடிந்த ஓவியத்தை உரிய முறையில் நீக்கிப் புதியவருக்குச் சுவரைத் தரும் நடைமுறை.

சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. அது விட்டுச்சென்ற சிற்பங்களும் விளக்குகளும் நடைபாதைகளும் இனி மாநகராட்சியின் அன்றாடச் செலவுக் கணக்கில் சேர்கின்றன. சோமவாரப்பட்டியில் உருவாரங்கள் ஒவ்வொரு தையிலும் புதிதாக வருகின்றன. அதை நினைவூட்ட யாருக்கும் சுற்றறிக்கை தேவைப்படுவதில்லை. குளக்கரைக் கலைக்கு அப்படியொரு வழக்கம் இன்னும் உருவாகவில்லை. அது உருவாகும்வரை பதிவேடும் பராமரிப்பு நிதியும்தான் அதற்குக் காவல்.